குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்



கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்தள்ளிவிட்டோம். நவம்பர் மாதத்தில் இலண்டன் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடுகிறது. வீடு மந்திரிக்க வரும்போது நான் அடிக்கடி காண்பது இது: தந்தை இரவு வேலைக்குப் புறப்படுகிறார், தாய் சமையலறையில் நிற்கிறார், பிள்ளைகள் ஆளுக்கோர் அறையில் கைபேசியுடன் இருக்கிறார்கள். ஆகவே, நம் முன்னோரின் மாலைப்பொழுதுகளைச் சற்று நினைவுகூர விரும்புகிறேன்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருவுக்கு வீட்டில் இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளையிட்டனர். 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து ஏழையின் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள், அம்மக்களுக்கு நிலையான குருவானவர் இல்லை. அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாக இரந்து சென்றார். அதை அறிந்துகொண்டவர்களின் முகத்தைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று.

சிந்தித்துப் பாருங்கள். 1658இல் பிறந்த குழந்தை, 1687இல் தானே பெற்றோராகியிருக்கும். மறைக்கல்வி வகுப்பும் ஞாயிறு திருப்பலியும் இல்லாத அத்தலைமுறைக்குச் செபமாலையை அறிமுகப்படுத்தியவர் யார்? அவர்களுடைய வீட்டுப் பெரியோரே.

நாம் குடியேறிய இந்நாட்டின் கத்தோலிக்கருக்கும் இவ்வரலாறு புதிதன்று. 1791ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர்கள் வெளிப்படையாகத் திருப்பலி நிறைவேற்றச் சட்டம் இடந்தரவில்லை. பின்னாளில் ஆயராகிய ரிச்சர்ட் சாலனர், 1740இல் 'ஆன்மாவின் தோட்டம்' என்ற செபநூலை இல்லறத்தாருக்காகவே வெளியிட்டார். இங்கும் விசுவாசத்தைக் காத்தது வீடுதான்.

இன்று நம்மை எவரும் தடுப்பதில்லை. ஆயினும் ஒரே கூரையின்கீழ் நாம் தனித்தனியே வாழ்கிறோம். வாரத்தில் ஒரு மாலையாவது, பதினைந்து நிமிடங்கள் ஒதுக்குங்கள். கைபேசிகளை வேறோர் அறையில் வையுங்கள். பெரிய விளக்கை அணைத்து, ஒரு மெழுகுதிரி ஏற்றுங்கள். பத்து மணிச் செபத்தை இளைய பிள்ளை தொடங்கட்டும். தமிழ் தடுமாறினால் உடனே திருத்தாதீர்கள். பின்னர் தேநீர் அருந்தியபடி, உங்கள் ஊர் ஆலயத்தைப்பற்றிச் சொல்லுங்கள். தந்தை வேலையில் இருந்தால் தாய் தொடங்கலாம். அவர் வீட்டிலிருக்கும் நாளில் அவருக்குரிய இடம் காத்திருக்கும்.

ஞாயிறன்று ஆலயத்தில் உங்கள் பிள்ளைகளை நான் சந்திப்பது ஒரு மணி நேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் அவர்கள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.