தகுதியின் அளவுகோல்

கூடிப் பேசும் ஓர் அவையில் உறுப்பினரின் மதிப்பை அளந்து, அவ்வளவுக்கேற்ப உரிமை வழங்கலாமா? இவ்வினா இன்று தோன்றியதன்று. காஞ்சிபுரத்தையடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு அதற்கு ஒரு விடை கூறுகின்றன. 919ஆம் ஆண்டில் வகுத்த விதிகளைச் சபையார் 921இல் திருத்தினர்.

திருத்திய விதிப்படி, குடவோலையிற் பெயர் இடம்பெற, இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாடியமும் வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும். கல்விக்காக நிலத்திற் கழிவு கொடுத்த இக்கணக்கு நுட்பமானதே. ஆயின் கணக்கிட்டவர் யார்? பிரமதேயத்து நிலவுடைமையாளரே. அந்நிலத்தை உழுதவனின் அறிவுக்கு இவ்வளவுகோலில் ஒரு கோடுதானும் இல்லை. இதனைப் பழந்தமிழர் குடியாட்சி எனப் போற்றுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர்.

எனினும் ஒன்றை நாம் மறுத்தற்கில்லை. முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவன் மீண்டும் வரவியலாது. கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஒரு பதவியிற் பெற்ற பெயர் அடுத்த பதவிக்கு முதலாகாதவாறு தடுத்த இவ்விதிகளே நாம் கொள்ளத்தக்கன; நிலத்தைத் தகுதியாக்கிய விதியன்று. தகுதி பெற்றோருள்ளும் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்தெடுத்த ஓலையே முடிவு செய்தது. அவ்வோலையை வாங்குபவனும் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேயே ஏற்கவேண்டியிருந்தது.