சால்னா (தென்காசி வட்டாரம்)

சால்னா என்பது பரோட்டாவுடன் பரிமாறப்படும் மசாலாக் குழம்பு ஆகும். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் இதைப் பிய்த்துப்போட்ட பரோட்டாவின் மேல் ஊற்றுவர். பொரித்த கோழிக்குத் தொட்டுக்கொள்ளவும் தருவர். பாலோ வெண்ணெயோ இதில் சேர்வதில்லை. அரைத்த தேங்காயும் கசகசாவுமே இதன் வழவழப்புக்குக் காரணம்.

பெயர்

குழம்பைக் குறிக்கும் 'சாலன்' என்ற உருதுச் சொல்லே தமிழில் சால்னா ஆயிற்று. ஐதராபாத்தின் 'மிர்ச்சி கா சாலன்' என்ற உணவின் பெயரிலும் இச்சொல் உள்ளது.

பொருள்கள் வந்த வழி

சால்னாவில் சேரும் மிளகும் ஏலமும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியவை. மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. தக்காளியும் அக்கண்டத்துப் பயிரே. எனவே, இன்றைய சிவந்த சால்னா மிகப் பழைய உணவு அன்று.

கிராம்பும் சாதிக்காயும் மொலுக்கஸ் தீவுகளுக்கு உரியவை. அத்தீவுகளை 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். பின்னர், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் குற்றாலத்திலும் இப்பயிர்களுக்குத் தோட்டம் அமைக்கப்பட்டது.

பரோட்டாவுக்குரிய கோதுமையும் இவ்வட்டாரப் பயிர் அன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அக்காலத்து அரிசித் தட்டுப்பாடு, கோதுமை உணவுகள் தமிழகத்தில் பரவ ஒரு காரணமாயிற்று.

'பார்டர்' என்னும் அடைமொழி

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே உள்ள பிரானூர் பார்டர், பரோட்டாக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. குற்றாலத்தில் சாரல் காலமான சூன் முதல் ஆகத்து வரை, அருவியில் குளித்த பசியோடு வருவோர் இங்கே திரளுவர். 'பார்டர்' என்பது இன்றைய கேரள எல்லையைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. இன்றைய எல்லை, மேற்கே புளியரையைத் தாண்டி உள்ளது.

செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் சமத்தானத்தைச் சேர்ந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை பிரானூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை மறைந்தது, பெயர் மறையவில்லை. இன்று வெளியூர்களிலும் 'பார்டர்' என்ற பெயரில் பரோட்டாக் கடைகள் உள்ளன. எல்லைப் போராட்ட வரலாற்றை அறியாதவர் நாவிலும் அந்தப் பழைய எல்லையின் பெயர் வழங்குவது இதனால்தான்.

எளிய செய்முறை

அரை மூடித் தேங்காய், ஊறவைத்த கசகசா 2 தேக்கரண்டி, பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி, சோம்பு 1 தேக்கரண்டி ஆகியவற்றை வெண்ணெய்போல் அரைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, 2 வெங்காயமும் 2 தக்காளியும் குழைய வதக்க வேண்டும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர் சேர்த்துக் கொதித்தபின் அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்கும்வரை சிறுதீயில் வைக்க வேண்டும். கசகசா விலை கூடும்போது பொட்டுக்கடலையைக் கூட்டிக்கொள்ளலாம்.

பரோட்டாவுக்கு நீர்க்கவும், வீட்டு விசேடங்களில் கட்லெட், பொரித்த கோழி போன்றவற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கெட்டியாகவும் வைக்கலாம். கறி சேராதது 'வெறும் சால்னா' எனப்படும். பரோட்டா வாங்குவோருக்கு இதைத் தனி விலையின்றி ஊற்றுவது கடைகளின் வழக்கம். கறிக்குக் காசில்லாத உழைப்பாளிக்கும் மசாலா மணத்தோடு வயிறு நிறையச் செய்தது இவ்வழக்கமே.