1980: இரண்டு 37

ஆட்சி முன்கூட்டியே கலைந்து தேர்தல் வரும் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் எனக்கு 1980 நினைவுக்கு வரும்.

அந்த ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 இடங்களில் தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் அணிக்கு 37. அ.தி.மு.க.வுக்குக் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே. பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டசபைத் தேர்தல். தி.மு.க. கோட்டைக்குப் போவது உறுதி என்று டீக்கடை பெஞ்சில் அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

வந்த முடிவு: அ.தி.மு.க. 129, காங்கிரஸ் 31, தி.மு.க. 37. அதே 37தான், ஆனால் இப்போது 234க்கு!

நாங்கள் கணக்கில் சேர்க்காதவை பல. ஜனவரித் தோல்விக்குப் பிறகு எம்.ஜி.ஆர்., இடஒதுக்கீட்டுக்கு வைத்த 9,000 ரூபாய் வருமான வரம்பை நீக்கி, பிற்படுத்தப்பட்டோர் பங்கை 31லிருந்து 50 சதவீதமாக்கியிருந்தார். கலைக்கப்பட்டவர் என்ற அனுதாபம் வேறு. எதிரணியோ இடங்களை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு நின்றது.

ஜனவரியில் கைச் சின்னத்தில் குத்திய என் அம்மா, மே மாதம் இரட்டை இலையில் குத்திவிட்டு வந்தார். ஏனம்மா என்றேன்.

"அது டில்லிக்குடா. இது நம்ம ஊருக்கு."

பெஞ்சில் இருந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.