48 மாநிலச் சட்டங்கள்: ஸ்ட்ராம் தர்மாண்டின் 1957 உரையை மறுவாசித்தல்

தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மாண்ட், குடிமை உரிமைகள் மசோதாவை எதிர்த்து 1957 ஆகஸ்ட் 28 இரவு 8.54 மணி முதல் மறுநாள் இரவு 9.12 வரை பேசினார். அவ்வுரையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் 24 மணி 18 நிமிடம் என்ற நீளத்திலேயே நின்றுவிட்டனர். உள்ளடக்கத்தை நேரம் கடத்தும் வாசிப்பு என ஒதுக்கினர். இம்முடிவு அவசரமானது.

வாஷிங்டனின் பிரியாவிடை உரையை அவர் வாசித்ததற்கு வேறு நோக்கம் கற்பிக்க இயலாதுதான். ஆனால் 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வரிசையாக வாசித்ததை அதே கணக்கில் சேர்க்கக் கூடாது. வாக்காளரைத் தடுப்பது மாநிலங்களில் ஏற்கெனவே குற்றம்; ஆகவே கூட்டரசின் தலையீடு தேவையில்லை என்ற வாதத்துக்கு அதுவே சான்றடுக்கு. ஏட்டிலுள்ள சட்டத்தை நடைமுறையாகக் காட்டிய வாதம் அது. பதிவு அலுவலர்கள் கறுப்பின மக்களைத் திருப்பி அனுப்பியபோது அந்தச் சட்டப்பிரிவுகள் யாரையும் தண்டிக்கவில்லை.

ஜூரி பற்றிய பகுதியையும் இதனோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 300 டாலர் அபராதம் அல்லது 45 நாள் சிறைக்கு உட்பட்ட தண்டனையை ஜூரியின்றி நீதிபதியே விதிக்கலாம் என்ற சமரசத்தைத் தர்மாண்ட் கடுமையாகத் தாக்கினார். ஜூரி விசாரணை தொன்மையான உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் தெற்கில் ஜூரிகள் பெரிதும் வெள்ளையர்களாலானவை. அந்த உரிமையைக் கோருவது, வாக்கைப் பறித்த அலுவலரை அவருடைய அண்டைவீட்டாரிடமே தீர்ப்புக்கு ஒப்படைப்பதாகும். கூட்டரசு ஜூரித் தகுதியை மாநிலச் சட்டத்திலிருந்து அதே மசோதா விடுவித்ததே என்று கேட்கலாம். தகுதி விதி மாறிய அன்றே ஜூரிப் பட்டியல்கள் மாறிவிடவில்லை.

இப்பேச்சு தனிமனித விளம்பரம் என்ற கருத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ரிச்சர்ட் ரசல் தலைமையிலான தென்மாநில செனட்டர்கள் தடைப்பேச்சு வேண்டாமென முடிவெடுத்திருந்தனர்; தர்மாண்ட் அதை மீறியதால் ரசல் சினமுற்றார். ஆயினும் பேசியவரின் நோக்கம் விளம்பரம் என்பதால் வாதம் வெறுமையாகிவிடாது. 1948 குடியரசுத் தலைவர் தேர்தலில் வெளிப்படையாக நிறப்பிரிவினையை முன்வைத்து 4 மாநிலங்களை வென்றவர், 1957இல் நிறத்தை முன்னிறுத்தாமலே அதைக் காக்கும் சட்டமொழியைக் கையாண்டார் என்பதே என் வாசிப்பு. இதைத் தணிவாகக் கொள்வதற்கில்லை.

அவரது பிற்கால மனமாற்றம் பற்றிய பேச்சையும் இவ்வெளிச்சத்தில் அளக்க வேண்டும். 1971இல் கறுப்பின உதவியாளரை நியமித்தார். 1982இல் வாக்குரிமைச் சட்ட நீட்டிப்பை ஆதரித்தார். மறு ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் விடுமுறைக்கும் வாக்களித்தார். அதற்குள் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தால் தென் கரோலினாவின் வாக்காளர் பட்டியலே மாறியிருந்தது. அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர் அவர். மாநில உரிமை என்ற பழைய வாதத்தை அவர் கைவிடவில்லை. 100 வயதில், 2003 ஜனவரியில் செனட்டை விட்டு வெளியேறியபோதும் 1957 உரைக்கு மன்னிப்புக் கோரியிருக்கவில்லை.