குதிரையின் நான்கு கால்கள்

உயர்தர வகுப்பில் உயர்வு நவிற்சி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சேர், கவிஞர் கண்டதைக் கூட்டிக் குறைச்சுச் சொல்லுறார். கமரா அப்படிச் செய்யாதுதானே?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது, நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி வீடுவரை என்னுடன் வந்தது. நேயர்களே, இதே வழக்கு சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஒரு குதிரையை முன்னிட்டு நடந்திருக்கிறது.

1821ஆம் ஆண்டு பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தயத்தை ஓவியமாகத் தீட்டினார். இன்று அது பாரிஸ் லூவர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலே குதிரைகள் முன்னங்கால்களை முன்னேயும் பின்னங்கால்களைப் பின்னேயும் ஒருசேர நீட்டி, வயிறு புல்லை உரசுமாப்போலப் பறக்கின்றன. அக்காலத்து ஐரோப்பிய ஓவியர் பலரும் அப்படித்தான் வரைந்தனர். பார்த்தவர்களுக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை.

கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்போர்ட் குதிரைப் பிரியர். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு நீங்குமா என்பதை அறிய அவாவினார். (இதற்காகப் பெருந்தொகை பந்தயம் கட்டினார் என்பது கதை, ஆதாரம் இல்லை.) அவர் அமர்த்திய மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர், இடையிலே மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்று, 1875இல் யூரிமாரால் விடுவிக்கப்பட்டவர். அது வேறு கதை. 1878 யூன் மாதம், பாலோ ஆல்ட்டோவில் ஓடுபாதை ஓரமாக அவர் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்தார். பாதைக்குக் குறுக்கே நூல்கள் கட்டினார். ஓடிவந்த குதிரை ஒவ்வொரு நூலையும் அறுக்க, ஒவ்வொரு கமராவும் கண்சிமிட்டியது.

நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்கியது உண்மைதான். ஆனால் ஜெரிக்கோ வரைந்ததுபோல நீட்டியபடி அல்ல. வயிற்றின் கீழே மடங்கிக் கூடியபடி! பரம்பரை பரம்பரையாக வரைந்த குதிரைகளெல்லாம் பொய்க் குதிரைகளாயின. பாரிசிலே மெய்சொனியே என்ற ஓவியர், குதிரையின் ஓட்டத்தைக் கண்ணால் பின்தொடர்வதற்கென்றே தம் தோட்டத்தில் சிறு தண்டவாளம் போட்டு, தள்ளுவண்டியில் இருந்து பார்த்தவர். அத்தனை பாடுபட்டவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆயினும் அவர் முறைத்துக்கொள்ளவில்லை. 1881இல் மைபிரிட்ஜைத் தம் வீட்டுக்கே அழைத்து, பிற கலைஞருக்கும் அப்படங்களைக் காட்டச் செய்தார். பெரிய மனம்.

ஜெரிக்கோவுக்காக வாதாட வந்தவர் சிற்பி ரொடான். 1911இல் வெளிவந்த உரையாடல் நூலில் அவர் நிழற்படத்தையே பொய்யன் என்கிறார். காலம் ஒருபோதும் நிற்பதில்லை. படமோ அதை நிறுத்திவிடுகிறது. ஜெரிக்கோவின் குதிரையைப் பின்னிருந்து முன்னாகப் பாருங்கள்: பின்னங்கால் உந்துகிறது, உடல் நீளுகிறது, முன்னங்கால் நிலத்தைத் தேடுகிறது. ஒரே கணத்தில் நிகழ்ந்ததாகக் கொண்டால் பொய். தொடர்ச்சியாகக் கொண்டால் மெய் என்பது அவர் வாதம்.

ரொடான் சொன்னதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். ஓடும் குதிரையின் கால்கள் நம் கண்ணுக்கு வெறும் கலங்கல். முன்னே போன கால் திரும்புமுன் ஒரு கணம் தயங்கும். ஊஞ்சலும் உச்சியில் அப்படித்தான். அந்தத் தயக்கத்தையே கண் பிடித்துக்கொள்கிறது என நினைக்கிறேன். ஓவியர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை; கண்டதையே வரைந்தார்.

கண் கமராவைப் போலக் காண்பதேயில்லை. கமரா சட்டத்துக்குள் அகப்பட்ட முகத்தையும் மூலையில் கிடக்கும் செருப்பையும் ஒரே சீராகப் பதியும். கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் பரப்போ, நீட்டிய கையின் பெருவிரல் நகத்தளவுதான். அதனால் அது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை இடம்விட்டு இடம் தாவுகிறது. தாவும்போது காட்சி மங்கிவிடும், நாம் உணர்வதில்லை. கண்ணாடியின் முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவர் காண்பார், கமராவும் காணும். இடைவெளிகளை நிரப்பி உலகைத் தொடர்ச்சியாக்கித் தருவது மூளை.

மைபிரிட்ஜும் இதைத் தப்பவில்லை. தம் படங்களைத் திரையில் ஓடவைக்க அவர் ஒரு கருவி செய்தார். கண்ணாடித் தட்டு ஒருபுறம் சுழல, துளையிட்ட தட்டு மறுபுறம் சுழலும். அதனூடாக விழுந்த குதிரை ஒடுங்கிக் குறுகித் தெரிந்தது. ஆகவே அவர் நிழற்படங்களை அப்படியே பயன்படுத்தாமல், அவற்றைப் பார்த்து உருவங்களைக் கண்ணாடியிலே தீட்டுவித்தார். உள்ளதைவிட நீட்டியே தீட்டுவித்தார். மெய்சொனியேயின் வீட்டுத் திரையில் ஓடியதும் அவ்வாறு இழுத்து வரைந்த குதிரைதான். திங்கட்கிழமை அந்த மாணவனுக்கு இதைச் சொல்ல வேண்டும்.