சகுனி படித்த முகம்

(நேரலை இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆக்லாந்தில் இப்போது இரவு ஒன்பது மணி, நல்ல குளிர். சென்னையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். டொரன்டோவில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வந்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

என் சன்னல் வழியாக ஸ்கை டவர் தெரிகிறது. உயரம் 328 மீட்டர், 1997இல் திறந்தார்கள். அதன் காலடியில் இருக்கும் சூதாட்டக்கூடம் அதற்கும் மூத்தது, 1996 பிப்ரவரியில் திறந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பார்கள். நான் இரவுப் பணி முடிந்து நடந்து வரும்போது, கீழே வாசலில் இருந்து வெளியே வருகிறவர்களின் முகங்களைத்தான் பார்ப்பேன்.

இன்றைய பொருள் சூதில் எதிராளியை அறிவது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற ஒரு நர்ஸ் இதைப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுக்கு இடமில்லை. ஆண்டவரின் அங்கிக்குச் சீட்டுப் போட்டவர்களின் விளையாட்டு அது என்பார் அம்மா. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தானே என்று ஒருமுறை கேட்டேன். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இல்லை.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் வேதம் அல்ல, சித்தப்பா. அவரிடம் பிறகு வருகிறேன்.

பாண்டவர்கள் தோற்ற கதையைச் சொல்லும்போது நாம் பகடையைத்தான் பேசுகிறோம். தகப்பனின் எலும்பில் செய்த பகடை, சகுனி சொன்னபடி விழும் என்று பாட்டிமார் சொல்லுவார்கள். அந்த எலும்புக் கதை வியாசரில் இல்லை. அங்கே இருப்பது அதைவிடப் பயங்கரமானது. சபா பருவத்தில், ஆட்டத்துக்கு வெகு முன்பே, சகுனி துரியோதனனிடம் தருமனைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறான். அவனுக்குச் சூது பிடிக்கும். ஆனால் ஆடத் தெரியாது. கூப்பிட்டால் மறுக்க அவனால் முடியாது. அவ்வளவுதான். ஆசை எவ்வளவு, திறமை எவ்வளவு, எழுந்து போக முடியுமா என்று மூன்றையும் எடை போட்டு முடித்தாயிற்று. மண்டபம் கட்டுவது, விதுரனைத் தூது அனுப்புவது எல்லாம் இதற்குப் பிறகுதான். வில்லிபுத்தூரார் சூதுபோர்ச் சருக்கம் பாடினார், பாரதி 1912இல் புதுச்சேரியில் இருந்தபடி பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். இரண்டையும் படிக்கும்போது எனக்குப் பகடை உருளும் இடத்தைவிட, அழைப்பு வந்ததும் தருமன் கிளம்பும் இடம்தான் வயிற்றைப் பிசையும். அவன் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

போக்கர் ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கூட வேலை பார்த்த ஒரு நர்ஸ். காசுக்குப் பதில் சட்டைப் பொத்தான்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியிருக்கும், நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். அந்த இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். கையில் இரண்டு ஏஸ் வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஆக, பெரும்பாலான நேரம் யாரிடமும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் ஆட்டம்.

ஆட்டக்காரர்கள் எதிராளியை இரண்டு கேள்வியால் வகை பிரிக்கிறார்கள். எத்தனை கைக்கு உள்ளே வருகிறான்? வந்தபின் தானே பந்தயம் கட்டுகிறானா, மற்றவன் கட்டியதற்கு ஈடு மட்டும் வைக்கிறானா? குறைவாக வந்து, ஈடு மட்டும் வைக்கிறவன் பாறை. அவன் திடீரென்று பந்தயத்தை உயர்த்தினால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். மற்ற நேரத்தில் அவனுடைய சில்லறையைத் தட்டிப் பறிக்கலாம். எல்லாக் கைக்கும் வந்து கண்மண் தெரியாமல் கட்டுகிறவனிடம் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், அவனே பணத்தை நடுவில் கொட்டுவான். குறைவாக வந்து, வந்தால் அடித்து ஆடுகிறவனை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது.

நான்காவது ஆள்தான் எனக்குச் சுவாரசியம். எல்லாக் கைக்கும் வருவான், தானாகக் கட்டமாட்டான், ஆனால் யார் கட்டினாலும் ஈடு வைத்துக் கடைசிவரை பார்த்துவிடுவான். இவனிடம் பொய்ப் பந்தயம் செல்லாது. கணக்கு எளிது. நடுவில் 100 இருக்கிறது, நான் கையில் ஒன்றுமில்லாமல் 50 கட்டுகிறேன். அவன் பயந்து விலகினால் 100 எனக்கு, விலகாவிட்டால் 50 போச்சு. மூன்றில் ஒருமுறையாவது அவன் விலகினால்தான் எனக்கு நட்டமில்லை. பத்தில் ஒருமுறைகூட விலகாதவனிடம் இதைச் செய்வது முட்டாள்தனம். அவனிடம் நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் கூசாமல் கட்ட வேண்டும். அவன் கொடுத்துக்கொண்டே இருப்பான். இந்த மாதிரி ஆளை மேசைகளில் 'மீன்' என்றுதான் சொல்கிறார்கள். திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தில், சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டிலை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். லாஸ் வேகாஸ்காரர்கள் குறள் படித்திருக்க வாய்ப்பில்லை.

சித்தப்பா ஆடியது ரம்மி. நாகர்கோவிலில் ஒரு மனமகிழ் மன்றத்தில், சனிக்கிழமை மதியத்தில் தொடங்கி ஞாயிறு ஆராதனை மணி அடிக்கும்வரை. எதிரில் இருப்பவனின் கண்ணைப் பார்த்தே ஜோக்கர் இருக்கிறதா என்று சொல்லுவேன் என்பார். அவருக்கு நல்ல சீட்டு வந்தால் மெல்லப் பாட்டு முனகுவார். கெட்ட சீட்டு வந்தால் தேநீர் கேட்பார். இது அந்த மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், தேநீர் கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும். யாரும் பதினைந்து வருடம் அவரிடம் சொல்லவில்லை. தென்னந்தோப்பில் அவருடைய பங்கு போனபிறகு, அந்தப் பையன்தான் எங்கள் அப்பாவிடம் சொன்னான்.

இப்படிக் காட்டிக்கொடுக்கும் அசைவுகளைத் தொகுத்து மைக் காரோ என்ற அமெரிக்கர் 1984இல் ஒரு புத்தகமே போட்டார். அதில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. பந்தயம் கட்டும்போது ஒருவனுக்குத் திடீரென்று கை நடுங்கினால், அவன் பொய் சொல்லிப் பயப்படுகிறான் என்று நினைக்காதே, பெரும்பாலும் அவன் கையில் பெரிய சீட்டு இருக்கிறது என்கிறார். அவசரப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆபத்து நடக்கும்போது கை உறுதியாக இருக்கும், தப்பித்தோம் என்று தெரிந்தபிறகுதான் நடுக்கம் வரும். அதேபோல, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு என்பார்கள், "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். நான் கையைத்தான் நம்புவேன்.

முகத்தையே பார்க்காமல் ஜெயிக்க முடியுமா என்ற கேள்வியும் பழையதுதான். கணித மேதை ஜான் வான் நாய்மன், மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து 1944இல் எழுதிய நூலில் போக்கருக்கு ஒரு பிரிவு ஒதுக்கினார். பொய்ப் பந்தயம் குணக்கோளாறல்ல, சரியான ஆட்டத்தின் ஒரு பகுதி என்று கணக்கால் காட்டினார். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ராடஸ் என்ற கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி வென்றது. அது எதிராளியை வகை பிரிக்கவே இல்லை. அவர்கள் பகலில் தன்னிடம் எந்த ஓட்டையைத் தேடினார்கள் என்று பார்த்து, இரவில் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது.

நளன் கற்றதும் கணக்குத்தான். புகழேந்தியின் நளவெண்பாவில் கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று பெயரே இருக்கிறது. தோல்விக்குக் காரணம் உடம்புக்குள் புகுந்த கலி. வியாசரில் தேரோட்டியாக இருக்கும் நளன் இருதுபன்னனை ஓட்டிச் செல்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த அரசன், அதன் இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலையும் 2,095 காயும் இருக்கின்றன என்கிறான். நளன் தேரை நிறுத்தி மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அக்காலத்தில் தான்றிக்காய்தான் சூதாடும் காய். அந்த எண்ணும் வித்தையை வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். கலி வெளியேறுகிறது. நளன் திரும்பிப் போய்ப் புட்கரனை ஒரே ஆட்டத்தில் வென்று, மன்னித்தும் விடுகிறான்.

ஊரில் இது நீதிமன்றத்துக்குப் போனது உங்களுக்குத் தெரிந்ததே. ரம்மியில் திறமைக்குத்தான் முதலிடம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லியிருந்தது. தமிழ்நாட்டு அரசு 2022இல் கொண்டுவந்த இணையச் சூது தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டம் வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து இணையத்தில் ஆடுவதையே தடுத்துவிட்டது. திறமை விளையாட்டு என்ற வாதம் எனக்கு எப்போதும் உறுத்தும். திறமை இருக்கிறது, உண்மை. அந்தத் திறமையில் பாதி, சித்தப்பா மாதிரி ஒருவர் வந்து உட்காரும்வரை காத்திருக்கிற திறமை.

நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வித்தையைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறது. சூதாட்டக்கூடத்தின் ஊழியர்களே ஆட்டக்காரரின் முகத்தைப் படிக்க வேண்டும். மணிக்கணக்காக எழாமல் இருக்கிறாரா, பணம் எடுக்கும் இயந்திரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறாரா, பக்கத்தில் இருப்பவரிடம் கடன் கேட்கிறாரா என்று கவனித்து அருகில் போய்ப் பேச வேண்டும், தேவையானால் இரண்டு ஆண்டுவரை உள்ளே வராமல் தடுக்கலாம். இந்தக் கோபுரத்தடியில் ஒருவர் 2017 ஆகஸ்டிலிருந்து 2021 பிப்ரவரிவரை நெடுநேரம் ஆடியபோது அந்தக் கவனிப்பு நடக்கவில்லை. அதற்காக 2024 செப்டம்பர் 9 முதல் ஐந்து நாட்கள் சூதாட்ட அரங்கை மூடி வைத்தார்கள். அந்த வாரம் நான் இரவுப் பணி. விடிகாலையில் அந்த வாசல் வழியாக வந்தேன். யாருமில்லை, ஒரு காவலாளி மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

தருமனிடம் முடித்துக்கொள்கிறேன். நளன் கதையைக் காட்டில் அவனுக்குச் சொன்ன பிருகதசுவர், கடைசியில் அந்தச் சூது வித்தையையும் அவனுக்குக் கற்றுத் தருகிறார். அஞ்ஞாதவாச வருடத்தில் தருமன் கங்கன் என்ற பெயரில், விராட மன்னனுக்குச் சூதாட்டத் துணைவனாகப் பிழைக்கிறான். இப்போது ஆடத் தெரியும். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே, மகன் உத்தரனின் வெற்றியை மன்னன் கொண்டாட, கங்கன் பிருகன்னளையைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறான். மன்னனின் முகம் மாறுவது தெரிந்தும் நிறுத்தவில்லை. விராடன் பகடையை எடுத்து அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து இரத்தம் வருகிறது. தரையில் விழாமல் தருமன் இரண்டு கைகளாலும் ஏந்துகிறான். திரௌபதி அவன் பார்வையைப் புரிந்துகொண்டு, தண்ணீர் நிறைந்த பொற்பாத்திரத்தைக் கொண்டுவந்து மூக்கின் கீழே பிடிக்கிறாள். அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்கு நாளை பகல் பணிதான்.