தோட்டத்துக் கொய்னா எந்த மலையிலிருந்து வந்தது?



தோட்டத்தில் வளர்ந்த பெரியவங்க யாரிடமாவது 'கொய்னா' என்று சொல்லிப் பாருங்கள். உடனே முகத்தைச் சுளிப்பாங்க. அவ்வளவு கசப்பு. விடியக்காலையில் பெரட்டு நிற்கும்போதே டிரெசர் வரிசையாகக் கொடுப்பார், அவர் கண் முன்னாலேயே விழுங்கணும். வெள்ளைக்காரன் மருந்து என்றுதான் பலரும் சொல்வாங்க. அது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த மருந்தே இல்லை.

கொய்னா என்பது சிங்கோனா மரத்துப் பட்டையின் சத்து. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத்தொடர் இருக்கிறது, இன்றைய பெரு, ஈக்குவடோர், பொலிவியா பக்கம். அங்கே குளிர்ந்த மலைச்சரிவில் வளரும் மரம் இது. உடம்பு நடுங்கினால் அந்த மலைச் சனங்கள் பட்டையை இடித்துக் கலக்கிக் குடிப்பாங்க. நம்ம வீட்டில் நிலவேம்புக் கஷாயம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1630களில் பாதிரியார்கள் மூலமாக ஐரோப்பாவுக்குப் போனது. ஒரு ஸ்பானிய கவர்னர் மனைவி, சின்சோன் சீமாட்டி, இதில் பிழைத்தார் என்று கதை கட்டினாங்க. நடக்காத கதை. ஆனாலும் 1742-ல் லின்னேயஸ் மரத்துக்கு அந்த அம்மா பேரையே வைத்துவிட்டார், அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டு! பட்டையை முதலில் இடித்துக் கொடுத்தவர் பேர் எங்கேயும் இல்லை. 1820-ல் பாரிஸில் இரண்டு பேர் பட்டையிலிருந்து கொய்னாவைத் தனியாகப் பிரித்தாங்க.

அப்புறம் எல்லாருக்கும் அந்த மரம் வேண்டும் என்று ஆனது. மலேரியா இருக்கிற நாட்டில் படையை வைக்கவும் தோட்டம் போடவும் கொய்னா இல்லாமல் முடியாது. 1860, 61-ல் பிரிட்டிஷ்காரர்கள் கன்றும் விதையும் கொண்டுவந்து நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பக்கம் நட்டாங்க. இங்கே நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது, நிறைய பேருக்குத் தெரியாது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஜெயில்களில் இடமில்லாமல் சீனக் கைதிகளைச் சென்னை ராஜதானிக்கு அனுப்பினாங்க. அவங்களில் ஒரு பகுதியை நடுவட்டத்தில் சிங்கோனா வேலையில் போட்டாங்க. விடுதலையான சிலர் ஊர் திரும்பாமல் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவிலேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு குடும்பமானாங்க. எட்கர் தர்ஸ்டன் நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நம்மாளுங்க கப்பலில் இந்தப் பக்கம் வர, இங்கேயிருந்து அவங்க அந்தப் பக்கம் போயிருக்காங்க.

ஆனால் சந்தையைப் பிடித்தது நீலகிரி இல்லை, ஜாவா. பொலிவியாவில் மனுவேல் இங்க்ரா மமானி என்ற ஐமாரா மலைவாசிக்கு எந்த மரத்தில் சத்து அதிகம் என்று தெரியும். அவர் தன் முதலாளிக்காகச் சேகரித்த விதையை 1865-ல் டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் போட்டாங்க. பின்னாளில் உலகக் கொய்னாவில் பெரும்பகுதி அங்கேயிருந்துதான். மமானியை ஊர்ப் போலீஸ் பிடித்து அடித்து, அதிலேயே 1871-ல் செத்துப்போனார். மரத்துக்கு முதலாளி லெட்ஜர் பேர்தான் வைத்தாங்க.

நம்ம கிள்ளானுக்கு வருவோம். 1901-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியாவால் மூடவேண்டி வந்தது. அப்போது அங்கே இருந்த டாக்டர் மால்கம் வாட்சன், கொய்னா மட்டும் போதாது, சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கணும் என்று நின்றார். வெட்டிய பிறகு காய்ச்சல் இறங்கியது. தோட்டங்களிலும் அப்படித்தான். வெட்டினவங்க யார் என்று சொல்லவேண்டியதில்லை. தோட்ட நிர்வாகம் கொய்னா கொடுத்தது வெறும் இரக்கத்தால் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆள் படுத்தால் பால்மரம் வெட்ட ஆள் இல்லை. ஆனாலும் அந்தக் கசப்பில்தான் நிறைய பேர் பிழைச்சாங்க.

எவ்வளவு பிழைச்சாங்க என்பது அது இல்லாதபோது தெரிந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் கொய்னா வெளியே போவது நின்றது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம்ம சனங்களுக்கு மருந்து கிடைக்கவில்லை. காலராவிலும் மலேரியாவிலும் காட்டிலேயே போனவங்க ஆயிரமாயிரம் பேர்.

படித்துவிட்டு யாரும் சிங்கோனாப் பட்டையைத் தேடி வாங்கிக் குடிக்க வேண்டாம். அளவு மீறினால் காது அடைக்கும், இதயத்துக்கும் ஆகாது. காய்ச்சல் என்றால் கிளினிக் போங்க.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி கொய்னா குடித்த கதை, சயாமுக்குப் போய் வராதவங்க பேர், எது தெரிந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். எழுதி வைக்கிறோம்.